தண்ணீரால் ஆன கட்டு: ஹைட்ரோஜெல் எங்கே உதவுகிறது, எங்கே தடுக்கி விழுகிறது

புண்ணில் தண்ணீர் படக்கூடாது என்பது பாட்டி முதல் கம்பவுண்டர் வரை எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை. காற்றாட விட்டால் காய்ந்து பொருக்குத் தட்டும், பொருக்கு உதிர்ந்தால் ஆறிவிட்டது என்று கணக்கு. அப்படியிருக்க, எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரே ஆன ஒரு தகட்டை எடுத்துப் புண்ணின்மேல் வைக்கச் சொன்னால் யாருக்கும் தயக்கம் வரத்தான் செய்யும். ஹைட்ரோஜெல் கட்டு என்பது அதுதான். பார்த்தால் கண்ணாடிபோல், தொட்டால் சில்லென்று, வளைத்தால் வளையும் ஒரு தகடு. டியூபிலிருந்து பிதுக்கிப் பூசும் வகையும் உண்டு.

பாட்டி சொன்னதில் பாதி சரி. சுத்தமில்லாத குழாய்த் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் கிருமியைக் கொண்டுவரும், அதைத் தவிர்க்க வேண்டியதுதான். ஆனால் புண் காய்ந்தால்தான் ஆறும் என்ற மறுபாதி 1962இல் ஆட்டம் கண்டது. லண்டனில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் ஆழமில்லாத சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றுப்பட விட்டார், சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. 'நேச்சர்' இதழில் வந்த அந்தச் சிறு கட்டுரைதான் இன்றைய ஈரக்கட்டு மருத்துவத்தின் தொடக்கம். அடுத்த ஆண்டே மனிதத் தோலிலும் இதே போக்கு உறுதியானது.

காரணம் சிக்கலானதல்ல. காயத்தின் ஓரத்திலிருந்து மேல்தோல் செல்கள் நகர்ந்து நடுவை நோக்கி வரவேண்டும். அவை ஈரப்பரப்பில்தான் நகரும். மேலே காய்ந்த பொருக்கு இருந்தால், அதற்கு அடியில் ஈரம் இருக்கும் மட்டம்வரை தோண்டிக்கொண்டு இறங்கி, சுற்றுவழியில் போகவேண்டியிருக்கும். ஈரமாகவே வைத்தால் நேர்வழி. கூடவே, உலர்ந்த காஸ் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது முந்தின நாள் வளர்ந்த புதுத் தோலையும் பிய்த்துக்கொண்டு வரும் கொடுமையும் இல்லை. கட்டு மாற்றும்போது வார்டில் கேட்கும் அலறலில் பாதி அந்தத் துணியால் வருவது.

சரி, தண்ணீரை எப்படி ஒரு தகடாக நிறுத்திவைப்பது? நோன்புக் காலத்தில் பால் ஊற்றிக் காய்ச்சி, தட்டில் ஆறவைத்து, துண்டு போடும் கடல்பாசியைச் சாப்பிட்டவர்கள் ஒரு ஹைட்ரோஜெல்லைச் சாப்பிட்டிருக்கிறார்கள். தண்ணீரை விரும்பும் நீண்ட பாலிமர் சங்கிலிகள், அவை ஒன்றோடொன்று ஆங்காங்கே பிணைந்து உண்டாகும் வலை, வலைக்குள் சிக்கிய தண்ணீர். இவ்வளவுதான் ஹைட்ரோஜெல். கடல்பாசியில் அந்தப் பிணைப்புகள் பலவீனமானவை, மறுபடி சூடாக்கினால் அவிழ்ந்து உருகிவிடும். மருத்துவத்துக்கான ஜெல்களில் பெரும்பாலும் சங்கிலிகள் வேதிப்பிணைப்பால் பூட்டப்பட்டிருக்கும். அவை உருகாது, கரையாது, தண்ணீரில் போட்டால் ஊதும்.

எவ்வளவு ஊதும் என்பது ஒரு இழுபறி. சங்கிலிகள் தண்ணீரோடு கலந்துவிடத் துடிக்கும், பிணைப்புகள் விடாமல் இழுத்துப் பிடிக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் ஊதுவது நிற்கும். ஃப்ளோரி, ரேனர் என்ற இருவர் 1943இலேயே இதைச் சமன்பாடாக எழுதிவிட்டார்கள். ஜெல் தயாரிப்பவரின் தலைவலியெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. பிணைப்பைக் கூட்டினால் உறுதி வரும், ஆனால் தண்ணீர் குறையும், ஜெல் விறைக்கும். பிணைப்பைக் குறைத்தால் தண்ணீர் நிறையும், ஆனால் கையில் எடுத்தால் கிழியும்.

உடலுக்குப் பொருந்தும்படி திட்டமிட்டுச் செய்த முதல் பெயர்பெற்ற ஹைட்ரோஜெல் புண்ணுக்காக வரவில்லை, கண்ணுக்காக வந்தது. செக்கோஸ்லோவாகியாவின் பிராகா நகரில் ஒட்டோ விக்டர்லே, திராகோஸ்லாவ் லிம் இருவரும் 1960இல் உயிரியல் பயன்பாட்டுக்கான ஜெல்லைப் பற்றி எழுதினார்கள். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டர்லே தம் வீட்டிலேயே, பிள்ளைகளின் கட்டுமான விளையாட்டுப் பெட்டியில் இருந்த உலோகத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு சுழலும் கருவி செய்து, மென்மையான கான்டாக்ட் லென்ஸை வார்த்தார். பத்தாண்டு கழித்து, 1971இல், அமெரிக்காவில் அந்த லென்ஸுக்கு அனுமதி கிடைத்தது. விழியின்மேல் நாள் முழுக்க ஒரு பாலிமரை வைத்திருக்கலாம் என்றால், வெறும் புண்ணின்மேல் வைக்க முடியாதா?

புண்ணுக்கான ஜெல்களில் எனக்கு மிகவும் பிடித்தது போலந்தில் செய்யப்பட்டது. வூட்ஜ் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யானுஷ் ரோஸியாக்கும் குழுவினரும் 1980களில் கண்டுபிடித்த முறை அது. தேவையான பொருள்கள் மூன்றே. பாலிவினைல் பைரோலிடோன் என்ற பாலிமர், பாலிஎத்திலீன் கிளைக்கால், அப்புறம் அகர், அதாவது அதே கடல்பாசி. மீதி எல்லாம் தண்ணீர். சூடாகக் கலந்து, பிளாஸ்டிக் அச்சில் ஊற்றினால், அகர் இருப்பதால் ஆறியதும் உறைந்து தகடாக நிற்கும். பெட்டியை அப்படியே மூடி முத்திரையிட்டு, காமா கதிரிலோ எலக்ட்ரான் கற்றையிலோ 25 கிலோகிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) அளவு காட்டுவார்கள்.

கதிர் பட்டதும் முதலில் உடைவது தண்ணீர். அதிலிருந்து பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள், அதாவது எதோடும் சட்டென்று வினைபுரியும் மூலக்கூறுத் துணுக்குகள், பாலிமர் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்த சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இப்படித்தான் வலை உருவாகிறது. வலை உருவாகும் அதே நேரத்தில் கிருமியும் செத்துவிடுகிறது, ஏனென்றால் 25 கிலோகிரே என்பது மருத்துவப் பொருள்களைக் கிருமிநீக்க வழக்கமாகக் கொடுக்கும் அளவேதான். பிணைப்புக்கென்று தனி வேதிப்பொருள் சேர்க்கவில்லை, ஆகவே மிச்சம் மீதியாக நச்சு எதுவும் தங்காது. கிருமிநீக்கத்துக்கென்று தனிப் படி இல்லை. மூடிய பெட்டிக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடுவதால், திறக்கும் வரை கை படுவதும் இல்லை.

இதில் உள்ள புத்திசாலித்தனத்தை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்கள்தான் முழுமையாக ரசிப்பார்கள். எத்தனையோ அருமையான ஜெல்கள் கிருமிநீக்கம் என்ற ஒரே வாசலில் தடுக்கி விழுந்திருக்கின்றன. அழுத்த நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் உருகும், வாயுவில் வைத்தால் வாயுவின் நஞ்சு ஈரத்தில் தங்கும், கதிரில் வைத்தால் சங்கிலி அறுந்து கூழாகும். போலந்துக் குழு அந்தத் தடையையே தயாரிப்பு முறையாக மாற்றிவிட்டது. வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் உதவியால் இந்தக் கதிர்வழி முறை பல நாடுகளுக்குப் பரவியது. நம் நாட்டில் டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம் பாலிவினைல் ஆல்கஹாலை அடிப்படையாகக் கொண்டு இதே வழியில் ஒரு கட்டை உருவாக்கி, தனியார் நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பத்தைக் கொடுத்தது.

இப்படிப்பட்ட தகடு என்ன செய்யும்? குளிர்ச்சி தரும், வலி குறையும். கட்டைப் பிரிக்காமலே உள்ளே பார்க்கலாம். புண்ணோடு ஒட்டாது. காய்ந்து கருத்த அழுகல் திசு மேலே படிந்திருந்தால், அதற்குத் தண்ணீர் கொடுத்து ஊறவைக்கும். அப்போது உடலின் சொந்த நொதிகளே அதைக் கரைத்துக் கழற்றிவிடும். கத்தி வைக்காத சுத்தம் என்று சொல்லலாம். ஆழமற்ற தீக்காயம், வறண்ட புண், தோல் உரிந்த இடம், கதிர்வீச்சுச் சிகிச்சையில் வெந்த தோல் ஆகியவற்றுக்கு இது நல்ல துணை. ஆனால் தீப்பட்டவுடன் செய்யவேண்டிய முதல் வேலை 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் காட்டுவது. ஜெல் அதற்கு மாற்று அல்ல. பேனா மையும் டூத்பேஸ்ட்டும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இது உதவாத இடங்களும் உண்டு, விளம்பரங்களில் அவை வருவதில்லை. ஏற்கெனவே நிறையத் தண்ணீரைக் குடித்துவிட்ட தகட்டால், நீர் சொட்டும் புண்ணிலிருந்து இன்னும் எவ்வளவு உறிஞ்ச முடியும்? கசிவு அதிகமான புண்ணில் இதை வைத்தால் சுற்றியுள்ள நல்ல தோல் ஊறி வெளுத்து உரியும், புண் பெரிதாகும். அதைவிட முக்கியமான ஒன்று: இரத்த ஓட்டம் நின்று, விரல் காய்ந்து கருத்துப்போன நிலையில், கிருமி இல்லாத அந்த வறட்சியே ஒரு பாதுகாப்பு. இரத்த ஓட்டத்தைச் சரிசெய்யும் முன் அதை ஈரப்படுத்தினால், வறண்டிருந்தது அழுகலாக மாறிவிடும். ஆகவே எந்த ஜெல் நல்லது என்ற கேள்விக்கு எந்தப் புண் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. ஜெல் உருவாக்குபவர்களில் பலர் இந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறார்கள் என்பது என் குறை.

நீர் சொட்டும் புண்ணுக்கு வேறொரு வழி இருக்கிறது. ஜெல்லாகக் கொடுக்காமல், ஜெல்லாக மாறக்கூடிய உலர்ந்த இழையாகக் கொடுப்பது. பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் இதில் முதன்மையானது. ஆல்ஜினேட் சங்கிலிகளைக் கால்சியம் அயனிகள் பிணைத்து வைத்திருக்கும். புண்ணின் கசிவுநீரில் சோடியம் நிறைய உண்டு. இழையில் உள்ள கால்சியம் வெளியேறி, சோடியம் உள்ளே போக, இழை நீரைக் குடித்து வழுவழுப்பான ஜெல்லாகிவிடும். வெளியே வரும் கால்சியம் இரத்தம் உறையவும் உதவும்.

இந்த மூலப்பொருள் நமக்கு அன்னியமல்ல. மன்னார் வளைகுடாவில், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கும் கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் ஆல்ஜினேட்டுக்குப் போகின்றன. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகருக்கு. ஆனால் துணித் தொழிலுக்கும் ஐஸ்கிரீமுக்கும் போகும் ஆல்ஜினேட் வேறு, காயத்தில் வைக்கும் தரம் வேறு. புரத எச்சம், கன உலோகம், பாக்டீரியா நச்சு ஆகியவற்றை நீக்கி, ஒவ்வொரு தொகுதியும் முந்தையதைப் போலவே இருப்பதை உறுதிசெய்தால்தான் அது மருத்துவப் பொருள். கடல் கொடுக்கும் சரக்கு பருவத்துக்குப் பருவம், இனத்துக்கு இனம் மாறும். பாசியின் விலைக்கும் கட்டின் விலைக்கும் இடையில் உள்ள பெரிய தூரத்தில் பெரும்பகுதி இந்தச் சுத்திகரிப்புதான்.

இனி, ஜெல்லின் பழைய பலவீனமான கிழியும் தன்மைக்கு வருவோம். 2003இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஜியான் பிங் கோங் குழு ஒரு விசித்திரமான தீர்வைக் கண்டது. விறைப்பான, நொறுங்கும் தன்மையுள்ள ஒரு வலை, அதற்குள் தளர்வான, நீளும் இன்னொரு வலை. தனித்தனியே இரண்டும் பலமற்றவை. சேர்ந்தால், சுமார் 90 சதவீதம் தண்ணீர் இருந்தும் 17 மெகாபாஸ்கல் வரை அழுத்தத்தைத் தாங்கின. விசை வரும்போது விறைப்பான வலை உள்ளுக்குள் சில்லுச்சில்லாக உடைந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளும், விரிசல் மேலே ஓடாது. 2012இல் ஹார்வர்டில் ஆல்ஜினேட்டையும் பாலிஅக்ரிலமைடையும் சேர்த்து, தன் நீளத்தைப்போல் 20 மடங்குக்கு மேல் நீளும் ஜெல்லைச் செய்தார்கள். அதை உடைக்கத் தேவையான ஆற்றல் சதுர மீட்டருக்குச் சுமார் 9,000 ஜூல். நம் மூட்டுக் குருத்தெலும்புக்கு அது 1,000 அளவில்தான்.

உறுதி வந்தபின் ஒட்டுவது. ஈரமான, இரத்தம் கசியும் பரப்பில் சாதாரணப் பசைகள் நிற்காது. ஓடில்லா நத்தை ஒன்று ஆபத்து வந்தால் சுரக்கும் சளியோ ஈரத்திலும் கெட்டியாக ஒட்டும். அதைப் பார்த்து ஹார்வர்டில் ஜியான்யூ லி, டேவிட் மூனி குழுவினர் 2017இல் ஒரு இரட்டைத் தகட்டைச் செய்தார்கள். திசுவைத் தொடும் பக்கத்தில் நேர்மின் ஏற்றமுள்ள பாலிமர், எடுத்துக்காட்டாக இறால், நண்டு ஓட்டிலிருந்து வரும் கைட்டோசான். அதன் பின்னால் மேலே சொன்ன உறுதியான ஜெல். இரத்தம் பூசிய, துடிக்கும் பன்றி இதயத்தின்மேல் அது கழலாமல் நின்றது. 2019இல் அதே வழியில் இன்னொரு கட்டு வந்தது. சுமார் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சுருங்கும் பாலிமரைச் சேர்த்ததால், தோலின் சூட்டிலேயே அது சுருங்கி, காயத்தின் ஓரங்களை உள்நோக்கி இழுக்கும்.

இந்த வேலைகள் உண்மையிலேயே அழகானவை. ஆனால் இவற்றைத் தொடர்ந்து செய்தித்தாள்களில் வரும் 'ஸ்மார்ட் ஜெல்' அலையைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. நிறம் மாறும், மருந்து விடும், கிருமியைக் கண்டால் ஒளிரும், தானே ஒட்டிக்கொள்ளும், எல்லாம் ஒரே தகட்டில். புண்ணுக்கு இத்தனை வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. வெள்ளி சேர்ப்பதை எடுத்துக்கொள்வோம். வெள்ளி அயனி பாக்டீரியாவைக் கொல்லும், அளவு மிஞ்சினால் புதிதாக நகர்ந்துவரும் தோல் செல்லையும் வதைக்கும். சர்க்கரை நோய்க் கால்புண்ணுக்கான சர்வதேசப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டி, புண்ணை ஆற்றும் நோக்கத்துக்காக மட்டும் கிருமிநாசினி கலந்த கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. அமெரிக்காவில் வெறும் ஹைட்ரோஜெல் கட்டு மிகக் குறைந்த கட்டுப்பாட்டுள்ள முதல் வகுப்பில் வருகிறது. கிருமிநாசினி கலந்தவற்றைக் கடுமையான வகுப்புகளுக்கு மாற்ற 2023 நவம்பரில் அங்குள்ள மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முன்மொழிந்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் அபாயம்.

தோலுக்கு வெளியே தவறு நடந்தால் கட்டைக் கழற்றி எறியலாம். உள்ளே வைத்தால் அப்படி முடியாது. உள்ளே வெற்றிபெற்ற ஜெல்களைப் பார்த்தால், அவற்றின் வேலை சிறியது, காலம் குறுகியது. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும்போது மலக்குடலும் வெந்துவிடாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவில் பாலிஎத்திலீன் கிளைக்கால் ஜெல்லை ஊசியால் செலுத்துகிறார்கள். அது சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியை உண்டாக்கும், சிகிச்சை முடியும்வரை நிற்கும், ஏறத்தாழ ஆறு மாதத்தில் கரைந்து சிறுநீரில் போய்விடும். அமெரிக்காவில் 2015இல் அனுமதி பெற்றது. மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பின் உறையின் தையலில் நீர் கசியாமல் அடைக்கும் ஜெல்லும் இதே இனம்.

நிரந்தரமாக இருக்க வந்தவற்றின் கதை வேறு. விழித்திரை கழன்றவர்களுக்கு விழியைச் சுற்றி இறுக்கிப் பிடிக்க 1980களிலும் 90களின் முற்பகுதியிலும் மிராஜெல் என்ற ஹைட்ரோஜெல் பட்டையை வைத்தார்கள். மென்மையானது, விழிச்சுவரை அரிக்காது என்று வரவேற்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, சிலருக்குப் பத்தாண்டுக்கும் மேல் ஆனபின், விழியைச் சுற்றியிருந்த பட்டை ஊதத் தொடங்கியது. உடலின் ஈரத்தில் பாலிமர் மெல்லமெல்ல மாறி, தண்ணீரை இன்னும் அதிகமாக விரும்பும் பொருளாகிவிட்டிருந்தது. எடுக்கப்போனால் துண்டுதுண்டாக உடைந்தது. ஃப்ளோரியும் ரேனரும் எழுதிய அதே இழுபறிதான், பிடித்திருந்த கை தளர்ந்ததும் தண்ணீர் ஜெயித்துவிட்டது. மார்பகத்தைப் பெரிதாக்க ஊசியால் செலுத்திய பாலிஅக்ரிலமைடு ஜெல்லைச் சீனா 2006இல் தடை செய்தது. கால் பெருவிரல் மூட்டில் குருத்தெலும்புக்குப் பதிலாக வைத்த பாலிவினைல் ஆல்கஹால் உருளை 2016இல் அமெரிக்க அனுமதி பெற்று, மீண்டும் அறுவை செய்யவேண்டிய நிலை எதிர்பார்த்ததைவிட அதிகமானதால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது.

இத்தனை ஆய்வுக்குப் பின்னும் புண்ணில் ஹைட்ரோஜெல்லின் பலன் எவ்வளவு உறுதி? சர்க்கரை நோய்க் கால்புண் பற்றி, மருத்துவச் சோதனைகளை ஒன்றுதிரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் மொத்தம் ஐந்து சோதனைகள், 446 பேர்தான். சாதாரணக் கட்டைவிட ஜெல்லில் அதிகம் பேருக்கு ஆறியது என்பது தெரிந்தது, ஆனால் சோதனைகளின் தரம் சந்தேகத்துக்கு இடமில்லாததாக இல்லை. ஆய்வுக்கட்டுரைகளோ மலைமலையாக வருகின்றன. பெரும்பாலானவை எலியில் செய்தவை. எலியின் தோல் உடம்போடு தளர்வாகக் கிடக்கும், அடியில் மெல்லிய தசைப்படலம் உண்டு. காயம் பட்டால் பெருமளவு சுருங்கியே மூடிக்கொள்ளும். மனிதக் காலில் அப்படி நடக்காது, புதுத் திசு வளர்ந்து நிரப்பவேண்டும். அதனால்தான் கவனமானவர்கள் எலிக்காயத்தைச் சுற்றி வளையம் தைத்து, சுருங்கவிடாமல் செய்து சோதிக்கிறார்கள். விண்டர் பன்றியைத் தேர்ந்தெடுத்ததும் அதன் தோல் நம்முடையதை ஓரளவு ஒத்திருப்பதால்தான். சுருக்கும் கட்டை எலியில் சோதித்தார்கள் என்று படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான இந்திய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. கால்புண்ணுக்கான சந்தை எவ்வளவு பெரியது என்று ஜெல் நிறுவனங்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆனால் கால்புண் பிரிவில் வரிசை வேறு. முதலில் புண்ணின்மேல் உடம்பின் பாரம் விழாமல் தடுப்பது, அழுகலை வெட்டி எடுப்பது, இரத்த ஓட்டத்தைப் பார்ப்பது, தொற்றையும் சர்க்கரையையும் அடக்குவது. கட்டு அதற்குப் பிறகுதான். பழைய செருப்போடு நடந்துகொண்டே இருப்பவருக்கு எந்த ஜெல்லை வைத்தாலும் அது மிதிபட்டுத்தான் போகும்.

கட்டு என்ற சிறு பங்கையும் நேர்மையாக அளக்க முடியும் என்பதற்கு 2018இல் வெளியான ஒரு ஐரோப்பியச் சோதனை சாட்சி. சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் என்ற உப்பு தோய்ந்த கட்டு, ஈரம் பட்டால் ஜெல்லாகும் வகை. இரத்த ஓட்டம் குறைந்த கால்புண் உள்ள 240 பேரை இரண்டாகப் பிரித்து, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல், ஐந்து நாடுகளில் 20 வாரம் பார்த்தார்கள். உப்பு உள்ள கட்டில் 48 சதவீதம் பேருக்கும், அதே கட்டில் உப்பு இல்லாதபோது 30 சதவீதம் பேருக்கும் புண் மூடியது. சர்வதேச வழிகாட்டிகளில் அதற்கு இடம் கிடைத்தது இந்த ஒரு சோதனையின் பலத்தால். இப்படி ஒரு சோதனைக்கு வேண்டியது நூற்றுக்கணக்கான நோயாளிகளும், பல மருத்துவமனைகளும், சில ஆண்டுகளும். புதிய ஜெல்லைச் செய்து எலியில் வைத்துப் பார்க்க ஒரு முனைவர் பட்ட மாணவரும் ஒரு நிதியாண்டும் போதும்.